எமு பிளெயின்ஸ் வரை

புதன்கிழமை ஒன்பதரைக்கு சபினா வருவாள்.
பன்னிரண்டரை வரை
நவரத்தினராஜா அவள் பொறுப்பு.

முதல் புதன் நான் எங்கும் போகவில்லை.
கராஜுக்குள் போய்
பெயின்ற் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தேன்.
இரண்டாம் புதனும்.
மூன்றாம் புதன் உடுப்புக்கூடை எடுக்க வந்தவள்
லைற்றைப் போட்டாள், கண்டாள்,
ஒன்றும் கேட்காமல்
என் கைப்பையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.
"ஸ்டேஷன் அந்தப் பக்கம், அன்ரி."
பதினெட்டு வருஷமாய் டூங்காபியில் இருப்பவளுக்குப்
போன வருஷம் நேபாளத்தால் வந்தவள் வழி சொன்னாள்.

மூத்தோருக்கான தங்க நிற அட்டை.
இரண்டரை டொலருக்கு நாள் முழுக்க ஓடலாம்,
யாரிடமிருந்து என்று அது கேட்பதில்லை.
முதலில் வந்தது மேற்கே போகிற ரெயில்.

பையில் டொக்டர் தந்த படிவம், தமிழில்.
'கடந்த பதினான்கு தினங்களில்
தாங்கள் மனத்தளர்ச்சியுற்றீர்களா?'
தாங்கள்!
என்னை ஒருவரும் அப்படி அழைத்ததில்லை.
தாங்குகிறவள் என்பதால் இருக்கலாம்.

கேள்விக்கு நாலு கட்டம்:
இல்லை, சில நாள், பல நாள், நாள்தோறும்.
செவன் ஹில்ஸ் வருமுன்னே
எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டு முடித்தேன்.
பள்ளிக்கூடத்திலும் நான் கெட்டிக்காரி.

பிளாக்டவுனில் ஏறிய ஒரு பெடியன்
எதிர் இருக்கையில் வாய் திறந்தபடி தூங்கிப்போனான்.
அவன் நித்திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
பசித்தவள் அடுத்தவர் இலையைப் பார்ப்பதுபோல.

அவருக்கு இரவு என்பது
பதினொன்று, ஒன்று பத்து, மூன்று, நாலே முக்கால்.
"பிள்ளை, கதவு பூட்டினதே?"
பூட்டினது.
"பிள்ளை, கதவு—"
ஸ்ட்ரோக்குக்கு முதல் அவர் என்னைப்
பிள்ளை என்று கூப்பிட்டதே இல்லை.
அதட்டின வாய் இப்போது குழைகிறது.
அதற்காகவாவது நான் உருக வேண்டும்.
உருகவில்லை.

போன மாதம் ஒரு மூன்று மணிக்குக்
கட்டிலால் இறங்கப் பார்த்தவரின் மணிக்கட்டைப் பிடித்தேன்.
விழாமல் இருக்கத்தான் பிடித்தது.
தளர வேண்டிய இடத்தில் அந்தப் பிடி தளரவில்லை.
காலையில் கோப்பிக்குக் கை நீட்டினார்.
நாலு விரல், நாலு கறுப்பு.
"இது ஆர் செய்தது?"
கட்டில் கம்பி என்றேன்.
"பொல்லாத கம்பி" என்றார்.

மகன் பேர்த்தில் இருந்து வீடியோவில் வருவான்.
"அம்மா, நீங்கள் தெய்வம்."
தெய்வத்துக்கும் அர்த்தசாமப் பூசையோடு
நடை சாத்துகிறார்கள், தம்பி.
சொல்லவில்லை.
அவனுக்கு அங்கே அடுத்த மீற்றிங்.

பென்ரித் கழிந்ததும் ரெயில் ஆற்றின்மேல் ஏறியது.
நெப்பியன்.
அகலம், அவசரமில்லாத பச்சை.
எமு பிளெயின்ஸுக்கு அப்பால் இந்த வண்டி போகாதாம்.
இறங்கி வாங்கில் இருந்தேன்.
பேனையால் போட்டது, அழிக்க முடியாது.
கடைசிப் பக்கத்தில் 'வேறு ஏதேனும்' என்று
மூன்று கோடு விட்டிருந்தார்கள்.
ஒரு கோடு போதுமாயிருந்தது:
கட்டில் கம்பி நான்தான்.

டொக்டர் ஹனானுக்குத் தமிழ் வாசிக்க வராது.
நானே என் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று.
அவர் போனை எடுக்கவில்லை.
எழுந்துபோய்ப் பாதி திறந்திருந்த கதவைச் சாத்தினார்.
"கடைசியாக முழு இரவு தூங்கியது எப்போது?"
விளக்கீட்டுக்கு முதல் என்றேன்.
அது என்ன மாதம் என்று சேர்ந்து தேடினோம்.

இப்போது மாதத்தில் நாலு இரவு ஆள் வருகிறது.
முதல் இரவு விடிய விடிய முழித்திருந்தேன்,
ஒருவரும் கூப்பிடாதது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.
வெள்ளியில் பெண்டில் ஹில் மண்டபத்தில் நாற்காலி வட்டம்.
ஸ்தவ்ரோஸ் தன் மனைவியின் கண்ணாடியை ஒளித்தாராம்,
தேடட்டும், ஒரு மணி நேரம் அமைதி என்று.
எல்லோரும் சிரித்தோம்.
பிறகு அவர் கைலேஞ்சியை எடுத்தார்.
பக்கத்தில் இருந்த நான்
அவர் தோளில் கை வைத்தேன். மெதுவாக.
எவ்வளவு மெதுவாக என்று எனக்குத்தான் தெரியும்.

இன்றும் புதன். திரும்பி வர ஒரு மணி.
"எங்கை போட்டு வாறாய், பிள்ளை?"
ஆத்தடிக்கு.
"தண்ணி ஓடுதே?"
ஓடுது.
"அப்ப சரி."